எழுதியாச்சு என்று எஸ்எஸ்டி சொன்னால் நம்பலாமா?

எஸ்எஸ்டி வாங்கப் போகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "எது வேகமா இருக்கும்?" என்பதுதான். அடுத்தது விலை. டேட்டாபேஸ் ஓடும் சர்வருக்கு வாங்குகிறவர்களும் இந்த இரண்டையும்தான் கேட்கிறார்கள். புதுக்கோட்டை, ஆலங்குடி, அறந்தாங்கி பக்கம் மருந்துக்கடை, சின்ன மருத்துவமனை, ஜவுளிக்கடை, அரிசி ஆலை என்று பலருடைய சர்வர்களைப் பார்த்துக்கொள்கிறேன். அவர்களிடம் நான் திருப்பிக் கேட்கும் கேள்வி வேறு. "பில் போட்டுக்கிட்டு இருக்கும்போதே கரண்ட் போனா, கடைசியா போட்ட பில் இருக்குமா?"

கடைக்காரரிடம் இதற்குப் பெரும்பாலும் பதில் இருக்காது. எஸ்எஸ்டி வரும் அட்டைப்பெட்டியில் நொடிக்கு எத்தனை ஆயிரம் எம்பி என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள். இந்தக் கேள்விக்கான பதிலை அதில் தேடிப் பயனில்லை. நம் மாவட்டம் மாதிரி, மின்சாரம் சொல்லிக்கொண்டும் போகும், சொல்லாமலும் போகும் என்ற ஊரில் டேட்டாபேஸ் வைத்திருப்பவருக்கு இதைவிட முக்கியமான கேள்வி இல்லை என்பது என் உறுதியான எண்ணம். பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் டேட்டாபேஸ் நமக்குக் கொடுக்கும் வாக்கு என்ன என்று பார்த்துவிடலாம். பழைய மண்டிக் கணக்குப்பிள்ளை சரக்கு இறங்கியதும் பேரேட்டை எடுக்கமாட்டார். கையில் இருக்கும் சிட்டையில் உடனே ஒரு வரி எழுதிவிடுவார். கூட்டம் குறைந்த பிறகு சிட்டையைப் பார்த்துப் பேரேட்டில் ஏற்றுவார். பேரேடு பாதியில் நின்றாலும் சிட்டை இருந்தால் கணக்கு தப்பாது. போஸ்ட்கிரெஸ், மைஎஸ்க்யூஎல், ஆரக்கிள் என்று எதை எடுத்தாலும் உள்ளே நடப்பது இதுதான். மாற்றத்தை முதலில் ஒரு லாக் கோப்பில் வரிசையாக எழுதி, அது டிஸ்கில் இறங்கிவிட்டது என்று உறுதியான பிறகே "கமிட் ஆச்சு" என்று சொல்லும். உண்மையான டேபிளில் ஏற்றுவது ஆற அமர நடக்கும். நடுவில் மின்சாரம் போனால், மறுபடி எழும்போது லாக்கைப் படித்து விட்டுப்போனதை ஏற்றிக்கொள்ளும்.

இந்த மீட்பு முறைக்கு இன்றுவரை அடித்தளமாக இருக்கும் ஏரிஸ் என்ற வழிமுறையை ஐபிஎம் ஆய்வுக்கூடத்தில் உருவாக்கியவர்களில் முதன்மையானவர் சி. மோகன். தமிழ்நாட்டில் பிறந்து, சென்னை ஐஐடியில் கெமிக்கல் இன்ஜினியரிங் படித்துவிட்டு அமெரிக்கா போய் டேட்டாபேஸ் பக்கம் திரும்பியவர். 1992இல் வந்த அந்த ஆய்வுக்கட்டுரையை டேட்டாபேஸ் உள்கட்டமைப்பு படிக்கும் யாரும் தாண்டிப் போக முடியாது. வங்கி ஏடிஎம்மில் நாம் பணம் எடுக்கும்போது நடுவில் எந்த மெஷின் விழுந்தாலும் கணக்கு சரியாக இருப்பதற்குப் பின்னால் இந்த வகை வேலை இருக்கிறது. நம் ஊர்ப் பிள்ளைகளுக்குக் கல்லூரியில் டிபிஎம்எஸ் பாடம் எடுப்பவர்கள் இந்தப் பெயரைச் சொல்லிக்கொடுத்தால் நன்றாக இருக்கும்.

ஆனால் இந்த ஏற்பாடு முழுக்க ஒரே ஒரு நம்பிக்கையில் நிற்கிறது. "லாக்கை எழுதியாச்சு" என்று டிஸ்க் சொன்னால், அது உண்மையாக எழுதியிருக்க வேண்டும்.

டேட்டாபேஸ் ஒரு வரியை எழுதச் சொன்னதும் அது நேரே டிஸ்குக்குப் போவதில்லை. லினக்ஸ் முதலில் அதைத் தன் ராமில் வைத்துக்கொள்ளும். "இல்லை, இப்பவே இறக்கு" என்று டேட்டாபேஸ் வற்புறுத்தும் கட்டளைக்கு எஃப்சிங்க் என்று பெயர். அப்போது லினக்ஸ் அதை டிஸ்குக்குத் தள்ளி, டிஸ்கிடமும் "உன் கேஷில் இருப்பதை நிரந்தர இடத்துக்கு இறக்கு" என்று சொல்லும். டிஸ்க் "சரி" என்றதும் அந்தச் சரி படிப்படியாக மேலே வந்து, பில்லிங் கவுண்டரில் இருக்கும் பெண்ணின் திரையில் "சேவ் ஆனது" என்று தெரியும். கடைசிப் படியில் இருக்கும் டிஸ்க் பொய் சொன்னால், அதற்கு மேலே இருக்கும் எல்லாமும் அந்தப் பொய்யை நம்பித்தான் ஆக வேண்டும்.

பழைய ஹார்ட் டிஸ்கில் இந்தப் பொய்யைக் கண்டுபிடிப்பது எளிது. நிமிடத்துக்கு 7,200 சுற்று என்றால் நொடிக்கு 120 சுற்று. லாக்கில் ஒவ்வொரு வரியாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் எஃப்சிங்க் கொடுத்தால், தட்டு ஒரு சுற்று வந்தால்தான் அடுத்ததை எழுத முடியும். அதனால் நொடிக்குச் சுமார் 120க்கு மேல் போகாது. ஒருவர் தன் சாதாரண ஹார்ட் டிஸ்கில் நொடிக்கு 3,000 கமிட் வருகிறது என்று பெருமையாகச் சொன்னால், அந்த டிஸ்க் கேஷில் வாங்கி வைத்துக்கொண்டு "எழுதியாச்சு" என்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம். எஸ்எஸ்டியில் சுற்றும் தட்டு இல்லை. கணக்கு அவ்வளவு நேராக வராது.

எஸ்எஸ்டியின் உள்ளே நடப்பதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். ஃபிளாஷ் சிப்பில் ஏற்கனவே எழுதிய இடத்தின் மேலேயே மறுபடி எழுத முடியாது. அழித்துவிட்டுத்தான் எழுத வேண்டும். எழுதுவது சில கேபி அளவுள்ள பேஜ் கணக்கில், அழிப்பதோ பல எம்பி அளவுள்ள பிளாக் கணக்கில். ஆகவே ஒரு பில்லைத் திருத்தினால் அந்தத் திருத்தம் வேறொரு புதிய பேஜில் உட்காரும். "இன்ன முகவரிக்கு உரிய டேட்டா இப்போது இன்ன இடத்தில் இருக்கிறது" என்று ஒரு பெரிய வரைபடத்தை எஸ்எஸ்டியின் கன்ட்ரோலர் வைத்துக்கொள்ளும். அந்த வரைபடம் வேலை நேரத்தில் பெரும்பாலும் டிஸ்கின் சொந்த டிராமில் இருக்கிறது. மின்சாரம் போனால் டிராமில் இருப்பது போய்விடும். டேட்டா சிப்பில் பத்திரமாக இருந்தும், எங்கே இருக்கிறது என்ற வரைபடம் பழையதாகிவிட்டால் என்ன பயன்?

இதைவிடக் கொடுமையான ஒன்றும் உண்டு. இப்போதைய எஸ்எஸ்டிகளில் ஒரே செல்லில் இரண்டு, மூன்று, நான்கு பிட்கள் வரை வைக்கிறார்கள். அதே செல்லில் ஏற்கனவே எழுதி முடித்த பேஜ் ஒன்று இருக்க, அதன் ஜோடிப் பேஜை எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால், பழைய பேஜும் சேர்ந்து கெடலாம். அதாவது, இன்று மதியம் போட்ட பில்லை எழுதும்போது கரண்ட் போய், காலையிலேயே ஒழுங்காக எழுதி முடித்தது நாசமாகலாம். லாக்கைப் படித்து மீட்கும் முறை இந்த மாதிரி நாசத்தை எதிர்பார்த்து எழுதப்பட்டதில்லை.

இது கற்பனைப் பயம் இல்லை. 2013இல் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகமும் எச்பி ஆய்வுக்கூடமும் சேர்ந்து 15 எஸ்எஸ்டிகளை எடுத்து, எழுதிக்கொண்டிருக்கும்போதே திரும்பத் திரும்ப மின்சாரத்தை வெட்டிப் பார்த்தார்கள். 15இல் 13 ஏதோ ஒரு வகையில் தவறியது. பாதி எழுதிய பேஜ்கள், "எழுதியாச்சு" என்று சொன்ன பிறகு காணாமல் போன பதிவுகள், முன்னால் எழுதியது போய்ப் பின்னால் எழுதியது மட்டும் தங்கியது என்று பல வகை. ஒரு டிஸ்கில் மூன்றில் ஒரு பங்கு டேட்டாவைப் படிக்கவே முடியவில்லை. இன்னொன்று மொத்தமாகச் செத்துப்போனது. அதற்குப் பிறகு ஃபர்ம்வேர்கள் எவ்வளவோ மேம்பட்டிருக்கின்றன, உண்மைதான். ஆனால் டிராமில் இருப்பது மின்சாரம் போனால் போய்விடும் என்ற இயற்பியல் மாறவில்லை.

தீர்வு மிகப் பழையது, எளியது: கெப்பாசிட்டர். சர்வருக்கென்று செய்யும் எஸ்எஸ்டிகளின் உள்ளே போர்டின் ஓரத்தில் வரிசையாகச் சின்னச் சின்னக் கெப்பாசிட்டர்கள் உட்கார்ந்திருக்கும். சிலவற்றில் மஞ்சள் நிற டான்டலம் துண்டுகள், சிலவற்றில் உருளையாக ஒன்றிரண்டு பெரியவை. மின்சாரம் போன கணத்தில், அவற்றில் தேங்கிய சக்தியை வைத்து, டிராமில் இருக்கும் வரைபடத்தையும் எழுதாமல் நின்ற டேட்டாவையும் டிஸ்க் சிப்பில் இறக்கிவிட்டுத்தான் தூங்கும். நொடியின் ஒரு சிறு பங்கு நேரம் போதும். இதற்குப் பவர் லாஸ் புரொடெக்ஷன் என்று பெயர்.

இன்டெல் 2012இல் கொண்டுவந்த டிசி எஸ்3700 வரிசையில் இந்த வசதி இருந்தது. ஐந்து வருடத்துக்குத் தினமும் பத்து முறை முழு டிஸ்கையும் எழுதலாம் என்று உத்தரவாதமும் கொடுத்தார்கள். போஸ்ட்கிரெஸ் வைத்திருந்தவர்கள் எஸ்எஸ்டிக்கு நம்பி மாறியது பெரும்பாலும் அந்தக் காலகட்டத்தில்தான். இன்று சாம்சங், மைக்ரான், கியோக்ஸியா, சாலிடைம் என்று எல்லோரிடமும் டேட்டாசென்டர் வரிசை என்று தனியாக உண்டு.

வாங்கும்போது இரண்டு விஷயம் கவனியுங்கள். ஒன்று, சில சாதாரண எஸ்எஸ்டிகளின் விவரக்குறிப்பிலும் மின்தடைப் பாதுகாப்பு என்று ஒரு வரி இருக்கும். படித்துப் பார்த்தால், ஏற்கனவே எழுதி முடித்ததை மட்டும் காக்கும் என்று சொல்லியிருப்பார்கள். கேஷில் நிற்பதைக் காக்காது. நமக்கு இரண்டும் வேண்டும். இன்னொன்று, எம்.2 வடிவத்தில் வாங்கினால் நீளத்தைப் பாருங்கள். சாதாரண எம்.2 எஸ்எஸ்டி 80 மில்லிமீட்டர். கெப்பாசிட்டர் வைக்க இடம் வேண்டும் என்பதால் சர்வர் வகை எம்.2 பெரும்பாலும் 110 மில்லிமீட்டர். உங்கள் மதர்போர்டில் அந்த நீளத்துக்குத் திருகாணி மாட்டும் இடம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஆர்டர் போடுங்கள். இல்லையென்றால் சாட்டா வடிவத்தில் 2.5 இன்ச் வாங்குவது நிம்மதி. நம்மைப் போன்ற சிறிய அளவுக்கு சாட்டா வேகமே தாராளம்.

விலை கூடுதல்தான். ஆனால் ஒரு வியப்பு உண்டு. டேட்டாபேஸைப் பொறுத்தவரை, கெப்பாசிட்டர் உள்ள டிஸ்க்தான் வேகமும். நேர்மையான சாதாரண எஸ்எஸ்டி ஒவ்வொரு எஃப்சிங்குக்கும் சிப் வரை போய் எழுதிவிட்டு வரவேண்டும். அதற்கு ஒரு மில்லி செகண்டோ இன்னும் அதிகமோ ஆகும். கெப்பாசிட்டர் உள்ளது டிராமில் வாங்கியதுமே தைரியமாக "சரி" சொல்லலாம், அதற்குச் சில பத்து மைக்ரோ செகண்ட் போதும். பெட்டியில் போட்டிருக்கும் நொடிக்கு இத்தனை ஆயிரம் எம்பி என்பதெல்லாம் பெரிய சினிமாக் கோப்பை நகர்த்தும்போது வரும் வேகம். பில்லிங் சர்வரின் வேகத்தை எஃப்சிங்க்தான் முடிவுசெய்கிறது. போஸ்ட்கிரெஸோடு வரும் பிஜி டெஸ்ட் எஃப்சிங்க் என்ற சின்ன நிரலை ஓட்டினால் உங்கள் டிஸ்கின் எண் தெரிந்துவிடும். கெப்பாசிட்டரே இல்லாத மலிவு டிஸ்க் நொடிக்குப் பல்லாயிரம் எஃப்சிங்க் காட்டினால் சந்தோஷப்படாதீர்கள். சந்தேகப்படுங்கள்.

கஜா புயலைச் சொல்லாமல் இந்த மாவட்டத்தில் மின்சாரத்தைப் பற்றி எழுத முடியாது. 2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்த புயல், டெல்டாவைத் தாண்டி நம் மாவட்டத்துக்குள்ளும் புகுந்தது. ஆலங்குடி, கீரமங்கலம், வடகாடு, கறம்பக்குடி பக்கம் தென்னை, பலா, மா என்று தலைமுறையாக வளர்த்த மரங்கள் ஒரே காலையில் சாய்ந்தன. பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் விழுந்தன. கேரளாவிலிருந்தெல்லாம் மின்வாரிய ஊழியர்கள் வந்து வயல் சேற்றில் நின்று கம்பம் நட்டார்கள். அப்படியும் பல கிராமங்களுக்குக் கரண்ட் வர வாரக்கணக்கில் ஆனது. அந்த ஊழியர்களை இந்த ஊர் மறக்கக்கூடாது.

அப்போது எஸ்எஸ்டிகளைக் கொன்றது புயல் காற்று அல்ல, அதற்குப் பின் வந்த ஜெனரேட்டர் வாழ்க்கை. வாடகை ஜெனரேட்டர் ஒன்றை நாலு வீட்டுக்கு, ரெண்டு கடைக்கு என்று பகிர்ந்துகொண்டோம். தண்ணீர்த் தொட்டி நிரப்ப மோட்டார் போட்டால் வோல்டேஜ் விழும். டீசல் தீர்ந்தால் சொல்லாமல் நிற்கும். யுபிஎஸ் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற நேரமே கிடைக்கவில்லை. ஒரே நாளில் பல முறை சர்வர் வேலையின் நடுவில் விழுந்து எழுந்தது.

ஆலங்குடிப் பக்கம் மருந்து மொத்த வியாபாரம் செய்யும் அண்ணன் ஒருவர். சாதாரண டெஸ்க்டாப் எஸ்எஸ்டியில் போஸ்ட்கிரெஸ் ஓடிக்கொண்டிருந்தது. மரங்களை வெட்டி ரோட்டைத் திறந்த பிறகு நான் போய்ப் பார்த்தபோது டேட்டாபேஸ் எழவில்லை. போஸ்ட்கிரெஸின் பிழைச் செய்தியில், செல்லுபடியாகும் செக்பாயின்ட் பதிவு ஒன்றும் கிடைக்கவில்லை என்று ஒரு வரி. அதாவது சிட்டையின் எந்தப் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பிப்பது என்ற குறிப்பே போய்விட்டது.

"தம்பி, சாமான் போனா வாங்கிக்கலாம். ஊரெல்லாம் கடன் குடுத்து வச்சிருக்கேன். அந்தக் கணக்கு வேணும்" என்றார்.

அவர் வீட்டு அம்மா டிவியில் புயல் செய்தி பார்த்துவிட்டு, 15ஆம் தேதி மாலையே பேக்கப்பை வெளி ஹார்ட் டிஸ்கில் எடுத்து, திருச்சிக்குப் போன தம்பியிடம் கொடுத்து அனுப்பியிருந்தார். அதிலிருந்துதான் கணக்கு மொத்தமும் திரும்ப வந்தது. புயலுக்குப் பின் போட்ட பில்களைக் கைச்சீட்டைப் பார்த்து மறுபடி ஏற்றினார்கள். கணினி படிக்காத அந்த அம்மாவுக்கு இருந்த முன்யோசனை பல ஐடி மேலாளர்களுக்கு இருக்கட்டும் என்று அன்று நினைத்தேன்.

இந்த மாதிரி நேரத்தில் இணையத்தில் தேடினால் பிஜி ரீசெட் வால் என்ற கருவியை ஓட்டு, டேட்டாபேஸ் எழுந்துவிடும் என்று சொல்வார்கள். எழுந்துவிடும், உண்மை. லாக்கைத் தூக்கி எறிந்துவிட்டுத்தான் எழும். எந்த டேபிளில் எந்த வரி பாதியில் நிற்கிறது என்று யாருக்கும் தெரியாது. மருந்து இருப்புக் கணக்கும் கடன் கணக்கும் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் போய், மூன்று மாதம் கழித்துத் தெரியவரும். அதைத் தொடுவதற்கு முன் கெட்ட டேட்டா முழுவதையும் வேறு டிஸ்கில் நகல் எடுத்துவிடுங்கள். எழுந்த டேட்டாபேஸைத் தொடர்ந்து ஓட்டாதீர்கள். அதிலிருந்து கிடைப்பதை ஏற்றுமதி செய்து, புதிய டேட்டாபேஸில் சரிபார்த்து ஏற்றுங்கள்.

எழுதுவதை மட்டும் அல்ல, பிழையைச் சொல்வதையும் நம்ப முடியுமா என்ற கேள்வி அதே 2018இல் உலகம் முழுக்க எழுந்தது. லினக்ஸில் எஃப்சிங்க் ஒரு முறை தோற்று, டேட்டாபேஸ் மறுபடி முயன்றால், இரண்டாவது முறை "சரி" என்று வந்துவிடும், ஆனால் டேட்டா டிஸ்கில் இருக்காது என்று போஸ்ட்கிரெஸ் உருவாக்குநர்கள் கண்டறிந்தார்கள். இருபது வருடமாக எல்லோரும் தவறாக நம்பிக்கொண்டிருந்த விஷயம். 2019 பிப்ரவரியில் வந்த 11.2 பதிப்பிலிருந்து, எஃப்சிங்க் தோற்றால் போஸ்ட்கிரெஸ் உடனே தன்னை நிறுத்திக்கொண்டு லாக்கிலிருந்து மீண்டெழும். அதற்கு முந்தைய பதிப்பை யாராவது இன்னும் வைத்திருந்தால் தயவுசெய்து மாற்றிவிடுங்கள்.

அமைப்புகளில் நான் பிடிவாதமாக இருப்பவை சில. எஃப்சிங்கை அணைத்தால் வேகம் கூடும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஃபுல் பேஜ் ரைட்ஸ் போஸ்ட்கிரெஸில் ஆன் ஆகவே இருக்கட்டும். போஸ்ட்கிரெஸின் பேஜ் 8 கேபி, டிஸ்க் ஒரே மூச்சில் எழுதுவதாக உறுதி தருவது பெரும்பாலும் 4 கேபிதான். பாதி பேஜ் எழுதி நின்றால் காப்பாற்றுவது இந்த அமைப்புதான். மைஎஸ்க்யூஎல்லில் இதே வேலையை டபுள்ரைட் பஃபர் செய்கிறது. செக்சம் ஆன் செய்யுங்கள். 2025 செப்டம்பரில் வந்த போஸ்ட்கிரெஸ் 18இல் அது தானாகவே ஆன் ஆகிறது, பழைய டேட்டாபேஸில் 12ஆம் பதிப்பு முதல் நிறுத்தி வைத்து ஆன் செய்யலாம். டிஸ்க் சத்தமில்லாமல் கெடுத்துவைத்த பேஜை, அது பேக்கப்புக்குள்ளும் போய் உட்காரும் முன் பிடித்துக்கொடுப்பது செக்சம்தான். மிச்ச டியூனிங் எல்லாம் அப்புறம்.

எழுதி எழுதி எஸ்எஸ்டி தேய்ந்துவிடும் என்ற பயம் நம் ஊரில் அதிகம். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு டிபி சாதாரண எஸ்எஸ்டிக்கு 600 டிபி வரை எழுதலாம் என்று உத்தரவாதம் தருவது வழக்கம். ஒரு சின்ன மருத்துவமனையின் சர்வர் லாக், டேபிள், பேக்கப் எல்லாம் சேர்த்து நாளைக்கு 20 ஜிபி எழுதினால் 30,000 நாள், அதாவது எண்பது வருடத்துக்கு மேல். தேய்மானம் நமக்குப் பிரச்சினையே இல்லை. கூகுள் தன் டேட்டாசென்டர்களில் பல வருடம் ஓடிய ஃபிளாஷ் டிஸ்குகளை ஆராய்ந்து 2016இல் வெளியிட்ட ஆய்வும் இதை ஒட்டியே பேசுகிறது. எவ்வளவு எழுதினோம் என்பதைவிட டிஸ்கின் வயது பிழைகளோடு அதிகம் தொடர்புடையது. ஹார்ட் டிஸ்கைவிட எஸ்எஸ்டியை மாற்ற வேண்டிய தேவை குறைவு, ஆனால் படிக்க முடியாத பிழைகள் எஸ்எஸ்டியில் அதிகம் என்றும் அதில் கண்டார்கள். ஆகவே ஐந்து வருடம் ஆன டிஸ்க், இன்னும் 95 சதவீதம் ஆயுள் மிச்சம் என்று தன் நிலையைச் சொல்லும் ஸ்மார்ட் அறிக்கையில் காட்டினாலும், சர்வரிலிருந்து எடுத்துவிடுங்கள்.

ஒரே டேட்டாவை இரண்டு டிஸ்கில் வைக்கும் ரெய்டு போட்டிருக்கிறோம், ஒன்று போனால் இன்னொன்று இருக்கிறது என்பவர்களுக்கு சர்வர் நிறுவனமான எச்பிஇயின் கதையைச் சொல்லவேண்டும். 2019 நவம்பரில் அந்த நிறுவனமே ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. குறிப்பிட்ட சில சர்வர் எஸ்எஸ்டிகள், ஃபர்ம்வேர் பிழையால், சரியாக 32,768 மணி நேரம் ஓடியதும் செத்துவிடும். மூன்று வருடம், 270 நாள், 8 மணி நேரம். டேட்டாவும் போகும், டிஸ்கும் போகும். சில மாதம் கழித்து, வேறு சில மாடல்களுக்கு 40,000 மணி நேரம் என்று இன்னொரு எச்சரிக்கை. ஒரே நாளில் வாங்கி ஒரே நாளில் மாட்டிய இரண்டு டிஸ்கும் ஒரே மணி நேரத்தில் போனால் ரெய்டு என்ன செய்யும்? அதனால் ஜோடி டிஸ்குகளை வேறு வேறு நிறுவனத்தில் வாங்குங்கள், முடியாவிட்டால் சில மாத இடைவெளியிலாவது மாட்டுங்கள். ஃபர்ம்வேர் அப்டேட் வந்திருக்கிறதா என்று வருடத்துக்கு இரண்டு முறை பாருங்கள். பேக்கப்பைக் கையில் வைத்துக்கொண்டு மட்டும் அப்டேட் செய்யுங்கள்.

யுபிஎஸ்ஸைப் பற்றி. கெப்பாசிட்டர் இருக்கிறதே என்று யுபிஎஸ்ஸை விடக்கூடாது, யுபிஎஸ் இருக்கிறதே என்று கெப்பாசிட்டரை விடவும் கூடாது. நம் வெயிலில் யுபிஎஸ் பேட்டரி இரண்டு மூன்று கோடையில் உயிரை விட்டுவிடும், பெட்டியில் பச்சை விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருக்கும். வீட்டு இன்வெர்ட்டரில் சர்வரை மாட்டியிருப்பவர்கள், பின்புறம் யுபிஎஸ் மோடு என்ற சுவிட்ச் இருந்தால் அதில் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். சாதாரண மோடில் மாறுவதற்குள் கம்ப்யூட்டர் அணைந்துவிடும். யுபிஎஸ்ஸின் யுஎஸ்பி கேபிளைச் சர்வரில் செருகி, பேட்டரி குறைந்தால் தானாக ஷட்டவுன் ஆகும்படி நட் என்ற இலவச மென்பொருளை அமைத்துவிடுங்கள். அந்தக் கேபிள் பிரிக்கப்படாமல் பெட்டிக்குள்ளேயே கிடப்பதைத்தான் பல இடங்களில் பார்க்கிறேன். எர்த்திங் இன்னொரு தொல்லை. செம்பாறை மண்ணில் கோடையில் எர்த் குழி காய்ந்துவிடும். தண்ணீர் ஊற்றுவது யார் வேலை என்று அலுவலகத்தில் ஒருவரிடம் ஒப்படைத்துவிடுங்கள்.

பேக்கப்பை எஸ்எஸ்டியில் எடுத்து பீரோவில் பூட்டி வைப்பவர்கள் உண்டு. அது வேண்டாம். மின்சாரம் இல்லாமல் கிடக்கும் ஃபிளாஷ் செல்லிலிருந்து மின்னூட்டம் மெல்லக் கசியும். ஜெடெக் தரநிலையின்படி, எழுதும் ஆயுள் முடிந்த நிலையில் உள்ள சாதாரண எஸ்எஸ்டி 30 டிகிரியில் ஒரு வருடமும், சர்வர் எஸ்எஸ்டி 40 டிகிரியில் மூன்று மாதமும் டேட்டாவைக் காத்தால் போதும். புது டிஸ்க் இதைவிட அதிக காலம் தாங்கும். ஆனாலும் நம் மே மாதத்து பீரோவுக்குள் என்ன வெப்பம் என்று எண்ணிப் பாருங்கள். பீரோவுக்கு ஹார்ட் டிஸ்கே நல்லது.

எடுத்த பேக்கப்பை மீட்டுப் பார்க்காவிட்டால் அது பேக்கப்பே இல்லை. 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில் ஓர் ஊழியர் நடுராத்திரி வேலைக் களைப்பில் தவறான சர்வரில் போஸ்ட்கிரெஸ் டேட்டாவை அழித்துவிட்டார். ஐந்து வகைப் பாதுகாப்பு ஏற்பாடு வைத்திருந்தார்கள். ஒன்றும் ஒழுங்காக வேலை செய்யவில்லை. தற்செயலாகச் சோதனைக்காக ஆறு மணி நேரம் முன்பு எடுத்த ஒரு நகல்தான் காப்பாற்றியது. அவர்கள் எதையும் மறைக்காமல் உலகுக்கே சொன்னார்கள், அதனால்தான் நமக்கெல்லாம் தெரிகிறது. உலகம் முழுக்கப் பொறியாளர்கள் வைத்திருந்த நிறுவனத்துக்கே இந்த நிலை.

கஜா மாதிரி வந்தால் புதுக்கோட்டையில் இருக்கும் பேக்கப்பும் புதுக்கோட்டையில் இருக்கும் சர்வரும் ஒன்றாகத்தான் நிற்கும். ஆகவே ஒரு நகல் மாவட்டத்துக்கு வெளியே இருக்கவேண்டும். இணையத்தில் தினமும் இரவு அனுப்பினாலும் சரி, வாரம் ஒரு முறை திருச்சிக்கோ மதுரைக்கோ பஸ்ஸில் போனாலும் சரி. வெளியே போகும் நகலைப் பாஸ்வேர்டு போட்டுப் பூட்டி அனுப்புங்கள், அதில் இருப்பது நோயாளிகளின் விவரம், ஊர் ஜனங்களின் கடன் கணக்கு.

உங்கள் துணை மின்நிலையத்தில் மாதாந்திரப் பராமரிப்பு என்று பேப்பரில் அறிவிப்பு வரும். அடுத்த அறிவிப்பு வந்ததும் இரண்டு காரியம் செய்யுங்கள். அதற்கு முதல் நாள், கடைசியாக எடுத்த பேக்கப்பை வேறொரு கணினியில் மீட்டு, நேற்றைய கடைசி பில் அதில் இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். மின்தடை அன்று காலை, வாடிக்கையாளர் வருவதற்கு முன், யுபிஎஸ்ஸில் சர்வர் எத்தனை நிமிடம் தாங்குகிறது, தானாக ஒழுங்காக அணைகிறதா என்று பக்கத்திலேயே நின்று பாருங்கள். இரண்டில் ஒன்று தவறினாலும், புது எஸ்எஸ்டி வாங்குவதற்கு முன் அதைச் சரிசெய்யுங்கள். பிறகு கெப்பாசிட்டர் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள்.